பழைய வாகனம் திடீரென ஸ்டார்ட் ஆகாவிட்டால்: மலையகத்து வாகனக்காரர்களுக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

இலங்கைக்கு வாகனங்களை இறக்குமதி செய்வது 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, தனியார் வாகனங்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் அனுமதிக்கப்பட்டது. அந்தக் காலம் முழுவதும் மலையகத்தின் போக்குவரத்தைத் தாங்கியவை பழைய வாகனங்களே; இன்றும் பெரும்பாலும் அவையே தாங்குகின்றன. தோட்டத்துப் பிள்ளைகளை டவுன் பாடசாலைக்கு ஏற்றிச் செல்லும் டொல்பின் வேனும், வெலிமடைப் பக்கத்திலிருந்து மரக்கறி ஏற்றும் இசுசு எல்ஃப் லொறியும், நள்ளிரவில் நோயாளியை மேல் டிவிஷனிலிருந்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்து சேர்க்கும் டெலிக்காவும் அந்த வகையைச் சேர்ந்தவை. நேற்று மாலைவரை நன்றாக ஓடிய அத்தகைய வாகனம் ஒரு காலையில் அசையாமல் நின்றுவிட்டால், அதன் உரிமையாளருடைய நாள் வருமானம் மட்டுமன்றி, அதை நம்பியிருக்கும் பலரின் நாளும் கெட்டுப்போகிறது.

அந்த நேரத்தில் பலரும் செய்வது ஊகத்தின் பேரில் பாகங்களை மாற்றுவதுதான். முதலில் பற்றரியை மாற்றுகிறார்கள், பிறகு பிளக்குகளை, அதன் பிறகு யாரோ சொன்னதைக் கேட்டு எரிபொருள் பம்பைக் கழற்றுகிறார்கள். நேற்று ஓடிய எஞ்சின் இன்று ஓட மறுத்தால், பெரும்பாலும் பழுதாகியிருப்பது ஒரேயொரு இடம்தான். அந்த இடத்தை வரிசையாகச் சோதித்துக் கண்டுபிடிக்கலாம். ஊகத்தில் கைவைத்தால், முதலில் இருந்த ஒரு பழுதுடன் நாமாக உண்டாக்கிய வேறு பழுதுகளும் சேர்ந்துகொள்ளும். ஆகவே இந்த வழிகாட்டி முழுவதிலும் ஒரு விதி மாறாமல் இருக்கும்: சோதித்த பிறகே கழற்ற வேண்டும், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டுமே மாற்ற வேண்டும். இங்கே கூறப்படுபவை காபரேட்டர் (பெற்றோலையும் காற்றையும் கலக்கும் பாகம்) பொருத்திய பெற்றோல் எஞ்சின்களுக்கும், கணினிக் கட்டுப்பாடு இல்லாத பழைய டீசல் எஞ்சின்களுக்கும் உரியவை.

முதல் வேலை: வாகனம் உருளாமல் தடுப்பது

மலையகத்தில் சமதரையில் நிற்கும் வாகனம் அரிது. ஹேண்ட் பிரேக்கை மட்டும் நம்பி ஒருபோதும் வாகனத்தின் அடியில் குனியாதீர்கள். பழைய வாகனங்களில் அந்தக் கேபிள் இழுபட்டுத் தளர்ந்திருப்பது வழக்கம். பள்ளத்தை நோக்கிய பக்கத்தில், இரண்டு சக்கரங்களுக்காவது கட்டையோ கல்லோ இறுக்கமாக வையுங்கள். கியரை நியூட்ரலில் வைத்துத்தான் செல்ஃப் அடிக்கப்போகிறீர்கள் (சாவியைத் திருப்பி ஸ்டார்ட்டரால் எஞ்சினைச் சுற்றப்போகிறீர்கள்) என்பதால், சக்கரங்களுக்கு வைத்த கட்டைதான் உண்மையான பாதுகாப்பு. வளைவிலோ பனிமூட்டத்திலோ நின்றுவிட்டால், சோதனையைத் தொடங்குமுன் பின்னால் வருபவர்களுக்குத் தெரியும்படி தொலைவிலேயே ஒரு அடையாளம் வைக்க வேண்டும்.

கருவிகளைப் பொறுத்தவரை, விலை குறைந்த ஒரு மல்டிமீட்டர், 12 வோல்ட் பல்புடன் கூடிய டெஸ்ட் லாம்பு, 10, 12, 14, 17 இலக்க ஸ்பேனர்கள், மணல்தாள், உலர்ந்த பருத்தித்துணி, நல்ல நிலையிலுள்ள ஒரு பழைய பிளக் ஆகியவை போதும்.

சாவியைத் திருப்பிக் கேளுங்கள்

போனட்டைத் திறப்பதற்கு முன்பே பாதி விடை காதுக்குக் கிடைத்துவிடும். ஹெட்லைட்டைப் போட்டுவிட்டு, ஒருவரை முன்னால் நிறுத்தி வெளிச்சத்தைப் பார்க்கச் சொல்லிச் சாவியைத் திருப்புங்கள்.

வெளிச்சம் மங்கி ஏறத்தாழ அணைந்துபோய், "டிக் டிக் டிக்" என்ற தொடர் ஓசை மட்டும் கேட்டால், மின்சாரம் ஸ்டார்ட்டர் மோட்டாருக்குப் போதிய அளவு போய்ச் சேரவில்லை. பற்றரி இறங்கியிருக்கலாம், டெர்மினல் அல்லது எர்த் வயர் கெட்டிருக்கலாம். வெளிச்சம் சற்றும் குறையாமல், ஓசையும் இல்லாமல் இருந்தால், சாவியிலிருந்து சொலனோயிட் (ஸ்டார்ட்டருக்கு மின்சாரத்தைத் திறந்துவிடும் சுவிட்ச்) வரை செல்லும் சிறிய வயரின் வழியிலோ, சொலனோயிட்டிலோ ஸ்டார்ட்டரிலோ பழுது இருக்கிறது. ஒரேயொரு கனத்த "டக்" ஓசை கேட்டு, வெளிச்சம் ஓரளவு மங்கி அப்படியே நின்றால், ஸ்டார்ட்டர் மோட்டாரோ எஞ்சினோ இறுகியிருக்கலாம். ஸ்டார்ட்டர் மட்டும் வேகமாகச் சுழன்று கத்த, எஞ்சின் அசையாமல் இருந்தால், ஸ்டார்ட்டரின் பல்சக்கரம் பிளைவீலைப் பிடிக்கவில்லை.

எஞ்சின் வழக்கமான வேகத்தில் சுற்றியும் பற்றிக்கொள்ளவில்லை என்றால், பற்றரியையும் ஸ்டார்ட்டரையும் மறந்துவிடலாம். பழுது தீப்பொறியிலோ எரிபொருளிலோ இருக்கிறது. வழக்கத்தைவிட வேகமாக, ஏற்ற இறக்கமே இல்லாமல் ஒரே சீராகச் சுற்றினால் உடனே நிறுத்துங்கள். அதைப் பற்றிப் பின்னால் விரிவாகச் சொல்கிறேன்.

கராஜுக்குத் தொலைபேசியில் பேச நேர்ந்தாலும், "பாஸ், ஸ்டார்ட் ஆகவில்லை" என்று மட்டும் சொல்லாமல், இந்த ஓசைகளுள் எது கேட்டது என்பதைச் சொல்லுங்கள். அவர் எந்தப் பாகத்தைக் கையில் எடுத்து வர வேண்டும் என்பதை அந்த ஒரு வாக்கியமே முடிவு செய்யும்.

எப்படியாயினும், ஒரு முறைக்குப் 10 வினாடிக்கு மேல் செல்ஃப் அடிக்காதீர்கள். ஒவ்வொரு முறைக்கும் இடையில் ஒரு நிமிடமாவது விடாவிட்டால், ஸ்டார்ட்டர் மோட்டாரின் உள்ளே கம்பிச்சுருள் சூடாகிக் கருகும்.

பற்றரியும் அதைவிட அதிகமாக அதன் இணைப்புகளும்

பற்றரியைக் குற்றம் சொல்லுவதற்கு முன் அளந்து பாருங்கள். வாகனம் சில மணி நேரம் நின்ற பிறகு, நிறைவாக ஏறிய பற்றரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். 12.4 என்றால் முக்கால் பங்கும், 12.2 என்றால் பாதியும், 12.0 என்றால் கால்பங்கும் இருப்பதாகக் கொள்ளலாம். ஆனால் சும்மா நிற்கும்போது காட்டும் அளவு மட்டும் போதாது. செல்ஃப் அடிக்கும்போதும் அளக்க வேண்டும். அப்போது 9.6 வோல்ட்டுக்குக் கீழே விழுந்தால், பற்றரி வெறுமையாக இருக்கிறது அல்லது அதன் ஒரு செல் செத்திருக்கிறது. 12.5 காட்டிய பற்றரி செல்ஃப் அடித்த நொடியில் 6 வோல்ட்டுக்கு விழுந்தால், அது சார்ஜ் ஏற்றினாலும் நிலைக்காது.

குளிர் இங்கே பெரிய பங்கு வகிக்கிறது. கடல் மட்டத்திலிருந்து 1,868 மீற்றர் உயரத்திலுள்ள நுவரெலியாவில் ஜனவரி, பெப்ரவரி மாத அதிகாலைகளில் புல்லில் உறைபனி படிவதுண்டு. ஈய-அமிலப் பற்றரியின் வேதிமாற்றம் குளிரில் மந்தமாகிறது. 0 பாகை செல்சியஸை நெருங்கும்போது அதன் கொள்ளளவில் ஏறத்தாழ ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடும். அதே நேரத்தில் எஞ்சின் ஒயிலும் கெட்டியாகி, எஞ்சினைச் சுற்றக் கூடுதல் வலு தேவைப்படுகிறது. கொழும்பில் இன்னும் ஓராண்டு உழைக்கக்கூடிய பற்றரி, இராகலையிலோ லிந்துலையிலோ ஒரே ஒரு குளிர் இரவில் கைவிரிப்பதற்கு இதுவே காரணம். எனவே காலையில் செய்யாமல் நண்பகலில் செய்த சோதனையை முழுமையாக நம்பாதீர்கள்.

இருந்தாலும், பழைய வாகனங்களில் பற்றரியைவிட அதிகமாகத் தொல்லை தருபவை டெர்மினல்களும் எர்த் வயருமே என்பது என் உறுதியான கருத்து. வெளியே சுத்தமாகத் தெரியும் டெர்மினலின் உட்புறத்தில், ஈயத் தண்டுக்கும் வளையத்துக்கும் இடையில், சாம்பல் நிறத்தில் மெல்லிய ஒரு படலம் படிந்திருக்கும். ரேடியோவுக்கும் லைட்டுக்கும் வேண்டிய சிறிய மின்னோட்டம் அதன் வழியே போய்விடும். ஸ்டார்ட்டருக்கு வேண்டிய நூற்றுக்கணக்கான ஆம்பியர் போகாது. "லைட் நன்றாக எரிகிறது, ஆகவே பற்றரிப் பக்கம் குறையில்லை" என்ற முடிவு தவறாவது இங்கேதான்.

இதைக் கண்டுபிடிக்க ஓர் எளிய, பிழையில்லாத வழி உண்டு. எஞ்சின் ஸ்டார்ட் ஆகிவிடாதபடி, பெற்றோல் வாகனத்தில் கொயிலுக்கு (தீப்பொறிக்கான உயர் மின்னழுத்தத்தை உண்டாக்கும் சுருள்) வரும் வயரையும், டீசல் வாகனத்தில் பம்பின் ஸ்டொப் சொலனோயிட் (டீசலைத் திறந்து அடைக்கும் மின் வால்வு) வயரையும் கழற்றி வைத்துவிடுங்கள். மல்டிமீட்டரின் சிவப்பு முனையைப் பற்றரியின் நேர்முனைத் தண்டின் மேலேயே வையுங்கள். வளையத்தின் மேல் வைக்கக் கூடாது. கறுப்பு முனையை ஸ்டார்ட்டரின் பெரிய போல்ட்டில் வைத்து, ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். 0.5 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், அந்த வழியில் எங்கோ மின்சாரம் தடைபடுகிறது. அடுத்து, சிவப்பு முனையை எஞ்சின் உடம்பிலும் கறுப்பு முனையைப் பற்றரியின் எதிர்முனைத் தண்டிலும் வைத்து அதேபோல் செய்யுங்கள். 0.3 வோல்ட்டுக்கு மேல் காட்டினால், எர்த் வயர்தான் குற்றவாளி. எஞ்சினையும் செஸியையும் இணைக்கும் பின்னல் வயர் வட்டவளை, கினிகத்தேனைப் பக்கத்து ஓயாத மழையில் துருவேறி, கையால் தொட்டாலே இழைகள் உதிரும் நிலையில் இருப்பதைக் காணலாம்.

சுத்தம் செய்யும்போது எதிர்முனையை முதலில் கழற்றுங்கள். பூட்டும்போது அதைக் கடைசியில் பூட்டுங்கள். வெந்நீர் ஊற்றிப் படலத்தைக் கரைத்து, உலர்த்தி, மணல்தாளால் உலோகம் மின்னும்வரை தேய்த்து, இறுக்கிய பிறகு மேலே மட்டும் கிரீஸ் பூசுங்கள்.

வேறு வாகனத்திலிருந்து ஜம்பர் வயர் கொடுப்பதானால், முதலில் இரண்டு வாகனங்களும் ஒரே வோல்ட்டேஜா என்று பாருங்கள். பல லொறிகளிலும் பஸ்களிலும் இரண்டு பற்றரிகளைத் தொடராக இணைத்து 24 வோல்ட் எடுத்திருப்பார்கள். அவற்றிலிருந்து உங்கள் 12 வோல்ட் வேனுக்குக் கொடுத்தால் பெரும் சேதம் ஏற்படும். நேர்முனையோடு நேர்முனையை இணைத்த பிறகு, எதிர் வயரின் கடைசி முனையைச் செத்த பற்றரியில் வைக்காமல், அதிலிருந்து தள்ளி எஞ்சினின் வெற்று உலோகத்தில் வையுங்கள். பற்றரியிலிருந்து கசியும் ஹைட்ரஜன் வாயு, கடைசியாக வைக்கும் இணைப்பில் எழும் பொறியில் வெடிக்கக்கூடியது.

ஓசையே இல்லாதபோது

பற்றரியும் இணைப்புகளும் சரியாக இருந்தும் ஸ்டார்ட்டர் வாய் திறக்காவிட்டால், டெஸ்ட் லாம்பின் கவ்வியை எஞ்சின் உடம்பில் மாட்டி, ஊசியைச் சொலனோயிட்டின் சிறிய வயரில் வைத்துச் சாவியைத் திருப்பச் சொல்லுங்கள். லாம்பு பிரகாசமாக எரிந்தும் ஓசை இல்லையென்றால், சொலனோயிட் அல்லது ஸ்டார்ட்டரைக் கழற்றத்தான் வேண்டும். பெரும்பாலும் உள்ளே செம்புத் தகடோ கார்பன் பிரஷ்ஷோ தேய்ந்திருக்கும். லாம்பு எரியாவிட்டால் பழுது மேலே இருக்கிறது: சாவி சுவிட்ச், பியூஸ், ரிலே, ஓட்டோமெட்டிக் வாகனமானால் கியர் லீவரின் நியூட்ரல் சுவிட்ச். பின்னாளில் பொருத்திய திருட்டு எச்சரிக்கை அலாரம் உள்ள வாகனங்களில், அதற்காக வெட்டி இணைத்த ரிலேயை முதலில் பாருங்கள். தேயிலை மலையோரம் நிறுத்தப்படும் வாகனங்களில் எலிகள் வயர்களைக் கடிப்பதும் சாதாரணம். ஏர் கிளீனரின் ஓரத்தில் புழுக்கையோ பஞ்சோ கிடந்தால், அதைச் சுற்றியுள்ள வயர்களைக் கையால் தடவிப் பாருங்கள்.

பெற்றோல் எஞ்சின்: முதலில் தீப்பொறி

எஞ்சின் நன்றாகச் சுற்றியும் பற்றாவிட்டால், தீப்பொறியையும் பெற்றோலையும் தனித்தனியே சோதிக்க வேண்டும். தீப்பொறியை முதலில் பார்ப்பதே நல்லது; அது ஐந்து நிமிட வேலை. மேலும், பெற்றோல் குழாயைக் கழற்றிய பிறகு அருகில் பொறியை உண்டாக்குவது ஆபத்து.

ஒரு பிளக் வயரைக் கழற்றி, கையிலுள்ள பழைய பிளக்கை அதில் செருகி, பிளக்கின் உலோகப் பகுதி எஞ்சினில் நன்றாகத் தொடும்படி வைத்துச் செல்ஃப் அடியுங்கள். வயரை வெறும் கையால் பிடிக்காமல், இறப்பர் பிடியுள்ள இடுக்கியால் பிடியுங்கள். பொறி நீலமாக, "சட்" என்ற ஓசையுடன் பாய்ந்தால் நல்லது. மஞ்சளாக, மெலிந்து, ஓசையின்றி வந்தால் கண்டென்சர் அல்லது கொயில் பலவீனமடைந்திருக்கிறது. கொயிலின் மின்சாரத்தை விட்டுவிட்டுத் துண்டிக்கும் தொடுமுனையான பொயின்ட்டின் முகங்கள் கருகிக் குழி விழுந்திருந்தால், சந்தேகம் அங்கே எழும் பொறியை அடக்கும் கண்டென்சரின் மேல்தான் திரும்ப வேண்டும்.

பொறியே இல்லையென்றால், டெஸ்ட் லாம்பைக் கொயிலின் எதிர்முனைக்கும் எஞ்சின் உடம்புக்கும் இடையில் மாட்டிச் செல்ஃப் அடியுங்கள். லாம்பு மின்னி மின்னி எரிந்தால், பொயின்ட் தன் வேலையைச் செய்கிறது. கொயிலின் உயர்அழுத்தப் பக்கத்தையும் டிஸ்ட்ரிபியூட்டர் (பொறியை ஒவ்வொரு பிளக்குக்கும் பிரித்தனுப்பும் பாகம்) மூடியையும் பாருங்கள். விடாமல் எரிந்தால் பொயின்ட் மூடவில்லை அல்லது அழுக்கேறியிருக்கிறது. எரியவேயில்லை என்றால் கொயிலுக்கு மின்சாரம் வரவில்லை, அல்லது பொயின்ட் திறக்காமல் ஒட்டியிருக்கிறது. பொயின்ட் முழுதாகத் திறக்கும்போது இடைவெளி பெரும்பாலான வாகனங்களில் 0.4 முதல் 0.5 மி.மீ. வரை இருக்க வேண்டும்; இடைவெளியை அளக்கும் மெல்லிய தகடு (ஃபீலர் கேஜ்) கையில் இல்லாத அவசரத்தில் தடித்த அட்டையை வைத்துப் பார்த்தாவது வழிக்குக் கொண்டுவரலாம். சோதிக்கும் நேரத்தில் சாவியை ஓன் நிலையில் நீண்ட நேரம் விட்டுவிடாதீர்கள். பொயின்ட் மூடிய நிலையில் நின்றால் கொயில் கொதித்துக் கெடும்.

மலையகத்தில் தீப்பொறியின் தலையான எதிரி ஈரம். தென்மேல் பருவக்காற்று வீசும் மே முதல் செப்டெம்பர் வரை ஹட்டன், தலவாக்கலை, பொகவந்தலாவைப் பக்கமும், ஆண்டின் முடிவிலும் தொடக்கத்திலும் பதுளை, பண்டாரவளைப் பக்கமும் மழையும் பனிமூட்டமும் வாரக்கணக்கில் நீடிக்கும். இரவில் குளிர்ந்த டிஸ்ட்ரிபியூட்டர் மூடிக்குள் நீராவி வியர்த்து நிற்கும். மூடியைக் கழற்றி, உட்புறத்தைத் துணியால் நன்றாகத் துடைத்து, கைப்பேசியின் டோர்ச்சை நேராக அடிக்காமல் பக்கவாட்டில் சரித்துப் பிடித்து உற்றுப் பாருங்கள். பித்தளை முனைகளுக்கு இடையே பென்சிலால் கிறுக்கியதுபோன்ற ஒரு மெல்லிய கறுப்புக்கோடு தெரிகிறதா? அது அழுக்கன்று, பொறி பிளக்குக்குப் போகாமல் அந்த வழியாக ஓடி ஓடி எரித்துவைத்த கரிப்பாதை. துடைத்தால் அன்று ஸ்டார்ட் ஆகும்; அடுத்த பனிமூட்டக் காலையில் மீண்டும் நின்றுவிடும். கோடு இருந்தால் மூடியை மாற்றுவதொன்றே வழி. நடுவிலுள்ள கார்பன் முனை தேய்ந்து உள்ளே போயிருக்கிறதா, மூடிக்குள் சுழலும் ரோட்டரின் நுனி வெண்மையாகப் பொரிந்திருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துவிடுங்கள்.

பிளக் வயர்களின் கசிவைக் காண இருட்டே சிறந்த கருவி. விடியுமுன், லைட்டுகளை அணைத்து, போனட்டைத் திறந்து வைத்து ஒருவரைச் செல்ஃப் அடிக்கச் சொன்னால், வெடித்த வயரின் மேல் நீல ஒளி ஊர்ந்து எஞ்சினுக்குத் தாவுவது கண்ணுக்குத் தெரியும். அந்த வயரில் நீங்கள் டேப் சுற்றினாலும் அது நிலைக்காது.

பிறகு பெற்றோல்

ஏர் கிளீனரைக் கழற்றி, செல்ஃப் அடிக்காமல், காபரேட்டரின் வாய்க்குள் பார்த்தபடி அக்சிலேட்டரின் கம்பியைக் கையால் ஒரு முறை இழுங்கள். மெல்லிய தாரையாகப் பெற்றோல் பீச்சினால், மிதவைக் கிண்ணத்தில் பெற்றோல் இருக்கிறது. பீச்சாவிட்டால், பம்பிலிருந்து வரும் குழாயைக் கழற்றி ஒரு போத்தலுக்குள் விட்டு, கொயில் வயரைக் கழற்றிய நிலையில் சில வினாடிகள் செல்ஃப் அடியுங்கள். விட்டு விட்டுத் துள்ளி விழுந்தால் பம்ப் நலம். கிண்ணத்தின் ஊசி வால்வு ஒட்டியிருக்கலாம். ஒன்றும் வராவிட்டால் பில்டர், குழாய், பம்பின் இறப்பர்த் தகடு என்ற வரிசையில் பின்னோக்கிப் போங்கள். ஆனால் அதற்கும் முன்னால் டாங்கில் எவ்வளவு இருக்கிறது, வாகனம் எப்படிச் சரிந்து நிற்கிறது என்பதைப் பாருங்கள். குறைந்தளவு பெற்றோலுடன் செங்குத்துச் சரிவில் நிறுத்தினால், பெற்றோல் டாங்கின் ஒரு மூலைக்குப் போய், உறிஞ்சு குழாய் காற்றையே இழுக்கும். மானி கால்பங்கு காட்டினாலும் இது நடக்கலாம்.

பெற்றோல் மணம் மூக்கைத் துளைக்க, பிளக்குகள் நனைந்திருந்தால், அளவுக்கு மீறிப் பெற்றோல் போயிருக்கிறது. சோக்கை (குளிரில் காற்றைக் குறைக்கும் அடைப்பு) திறந்துவிட்டு, அக்சிலேட்டரை அடிவரை மிதித்தபடி, ஒருபோதும் பம்ப் செய்யாமல், செல்ஃப் அடியுங்கள். உயரமான இடங்களில் இது அடிக்கடி நிகழ்வதற்குக் காரணம் உண்டு. நுவரெலியாவின் உயரத்தில் காற்றின் அடர்த்தி கடற்கரையில் உள்ளதன் ஐந்தில் நான்கு பங்குக்குச் சற்றே மேல். கம்பஹாவிலோ நீர்கொழும்பிலோ சீரமைத்த காபரேட்டர் இங்கே வந்தால், காற்றுக்கு மிஞ்சிய பெற்றோலைக் கொடுத்து, பிளக் நுனிகளைக் கரியால் மூடிவிடும். தாழ்நிலத்திலிருந்து வாகனம் வாங்கிவந்தவர்கள், ஸ்டார்ட் ஆகாத நாள் வரும்வரை காத்திராமல், இங்குள்ள கராஜில் கலவையைக் குறைத்து வைத்துக்கொள்வது நல்லது.

கடுகண்ணாவை, ரம்பொடை, கினிகத்தேனை ஏற்றங்களை ஏறிவந்து, தேநீருக்கு நிறுத்தி, பத்து நிமிடம் கழித்து ஸ்டார்ட் ஆகாமல் போகும் வாகனத்தில் பெரும்பாலும் எதுவும் உடைந்திராது. எஞ்சினின் சூடு ஏறி, குழாயிலும் பம்பிலும் பெற்றோல் ஆவியாகி, பம்பால் அதைத் தள்ள முடியாமல் நிற்கிறது. காற்றழுத்தம் குறைந்த உயரங்களில் பெற்றோல் இன்னும் எளிதாக ஆவியாகும். போனட்டைத் திறந்துவைத்து, பம்பின் மேலும் குழாயின் மேலும் நனைத்த துணியைச் சுற்றி, அரைமணி நேரம் பொறுத்திருங்கள். டிஸ்ட்ரிபியூட்டரை நனைத்துவிடாதீர்கள்.

மாதக்கணக்கில் நிறுத்தியிருந்த வாகனமானால், பழைய பெற்றோலை நம்பாதீர்கள். 2022 எரிபொருள் தட்டுப்பாட்டில் கேன்களில் சேமித்ததை நெடுநாள் கழித்து ஊற்றிய பலர் இதை உணர்ந்திருப்பார்கள்: எளிதில் தீப்பற்றும் பகுதி ஆவியாகிப் போய், எஞ்சியது பசைபோல் காபரேட்டரின் ஜெட் துளைகளை அடைத்துவிடும். வார்னிஷ் போல் மணத்தால் வடித்து எடுத்துவிட்டு, புதிதாக ஊற்றுங்கள்.

டீசல் எஞ்சின்: புகையைப் பாருங்கள்

டீசலில் பிளக் பொறி இல்லை. அழுத்தத்தால் எழும் சூடும், சரியான அளவில் பீறிடும் டீசலுமே எல்லாம். ஆகவே செல்ஃப் அடிக்கும்போது ஒருவரை சைலன்சருக்குப் பின்னால் நிறுத்துங்கள். வெண்புகை வந்தால், டீசல் எஞ்சினுக்குள் போகிறது, ஆனால் எரியவில்லை: குளிர்ந்த எஞ்சினைச் சூடாக்கும் ஹீட்டர் பிளக்குகளையும் அழுத்தத்தையும் பார்க்க வேண்டும். புகையே வராவிட்டால், டீசல் போகவில்லை. இந்த ஒரு பார்வை பாதி வேலையை மிச்சப்படுத்தும்.

புகை இல்லாத நிலையில், பம்பின் மேலுள்ள ஸ்டொப் சொலனோயிட்டில் கைவிரலை வைத்து, சாவியை ஓன் செய்யச் சொல்லுங்கள். ஒரு சிறு "டிக்" கையில் தெரிய வேண்டும். தெரியாவிட்டால் அந்த வயரில் 12 வோல்ட் வருகிறதா என்று பாருங்கள். பியூஸ் எரிந்து ஒரு முழு நாள் வீணானவர்கள் உண்டு. கேபிளை இழுத்து நிறுத்தும் பழைய வாகனங்களில், அந்தக் கேபிள் திரும்பாமல் பாதியில் சிக்கி நிற்கிறதா என்று பாருங்கள்.

சொலனோயிட் நலமாக இருந்தால், சந்தேகம் காற்றின் மேல். டீசல் வழியில் காற்று புகுந்தால் எஞ்சின் ஓடாது. பெற்றோல் எஞ்சினைப் போல அதுவாகச் சரியாகிக்கொள்வதும் அரிது. பில்டரின் மேலுள்ள கைப்பம்பைக் குத்துங்கள். கை விறைத்து நிற்குமளவு இறுக்கம் வராமல் தளர்ந்தே இருந்தால், பில்டரின் காற்றுத் திருகைச் சற்றுத் தளர்த்தி, குமிழ்கள் நின்று சுத்தமான டீசல் வரும்வரை குத்தி, திருகை இறுக்குங்கள். அதன் பிறகும் பற்றாவிட்டால், இன்ஜெக்டர்களின் மேலுள்ள 17 இலக்க நட்டுகளுள் இரண்டை ஒரு சுற்று தளர்த்திச் செல்ஃப் அடித்து, டீசல் கசிந்ததும் இறுக்குங்கள். அப்போது கையை அருகில் கொண்டுபோகாதீர்கள்; அழுத்தத்தில் பீறிடும் டீசல் தோலைத் துளைத்து உள்ளே புகும், அது ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம்.

காற்று எங்கிருந்து புகுந்தது என்பதைச் சரிவே காட்டிக்கொடுக்கும். இரவு மேடு பார்த்து நிறுத்தினால் காலையில் தொல்லை தருவதும், பள்ளம் பார்த்து நிறுத்தினால் ஒரே அடியில் ஸ்டார்ட் ஆவதுமாக இருந்தால், டாங்குக்கும் பம்புக்கும் இடையே ஓர் இணைப்பு காற்றை இழுக்கிறது. மேடு பார்த்து நிற்கும்போது எஞ்சின் டாங்கைவிட உயர்ந்து நிற்பதால், டீசல் இரவோடு இரவாகப் பின்னோக்கி வடிந்துவிடுகிறது. வெளியே ஒரு சொட்டும் கசியாது; ஆகவே பலர் இதைப் பல மாதங்கள் பற்றரியின் குறையென்றே எண்ணிக்கொண்டிருப்பார்கள். வெடித்த இறப்பர்க் குழாய், தளர்ந்த கிளிப், கைப்பம்பின் தேய்ந்த வளையம் ஆகியவை வழக்கமான இடங்கள். பில்டருக்குப் பின்னால் ஒரு முழ நீளத்துக்குக் கண்ணாடிபோன்ற பிளாஸ்டிக் குழாயைத் தற்காலிகமாகப் பூட்டினால், குமிழ்கள் ஓடுவதை நேரில் காணலாம். பில்டரின் அடித்திருகைத் திறந்து தண்ணீர் வருகிறதா என்பதையும் பாருங்கள். ஈரமான காற்றுள்ள இடங்களில், பாதி நிறைந்த டாங்கில் இரவுதோறும் தண்ணீர் வியர்க்கும்.

வெண்புகை வரும் நிலையில், ஹீட்டர் பிளக்குகளுக்குச் செல்லும் தகட்டில், ஹீட்டர் விளக்கு எரியும் நேரத்தில் 12 வோல்ட்டுக்குச் சமமான அளவு வருகிறதா என்று பாருங்கள். வராவிட்டால் ரிலே அல்லது பியூஸ். வந்தால், தகட்டைக் கழற்றி ஒவ்வொரு பிளக்கையும் மல்டிமீட்டரில் தனித்தனியே அளங்கள்: ஏறத்தாழ ஒரு ஓம் காட்டினால் நலம், எதுவும் காட்டாவிட்டால் செத்துவிட்டது. நான்கில் ஒன்று செத்தால் நீர்கொழும்பில் தெரியாது. நானுஓயாவில் காலை ஆறு மணிக்குத் தெரியும். ஹீட்டருள்ள எஞ்சினில் ஈதர் ஸ்ப்ரேயைக் காற்றுக்குழாயில் அடிக்கும் பழக்கத்தை அறவே விட்டுவிடுங்கள். சிவந்து நிற்கும் ஹீட்டரில் அது உரிய நேரத்துக்கு முன்பே வெடித்து பிஸ்டனை உடைத்துவிடும்.

எஞ்சின் வழுக்கிச் சுற்றினால்

வழக்கமான "ஊம்... ஊம்..." ஏற்ற இறக்கமின்றி, ஒரே சீராக வேகமாகச் சுற்றும் எஞ்சினில் அழுத்தம் இல்லை. டைமிங் பெல்ட் உள்ள எஞ்சினில் பெல்ட் அறுந்திருக்க வாய்ப்புண்டு. ஒயில் ஊற்றும் மூடியைத் திறந்து, ஒருவரை ஒரேயொரு வினாடி செல்ஃப் அடிக்கச் சொல்லுங்கள். உள்ளே வால்வுகளைத் திறக்கும் ரொக்கரோ கேம்மோ அசையாவிட்டால் அதற்குமேல் சாவியைத் தொடாதீர்கள். பெல்ட் அறுந்த பின் ஒவ்வொரு சுற்றும் வால்வுகளைப் பிஸ்டனில் மோதவைத்து வளைத்துவிடலாம்.

அழுத்தமானி வைத்துச் சோதிப்போர் உயரத்தைக் கணக்கில் எடுக்க வேண்டும். கைநூலில் 170 பி.எஸ்.ஐ. என்று இருந்தால், நுவரெலியாவில் நல்ல எஞ்சினே 140க்குக் கிட்டத்தான் காட்டும். ஓர் அளவைவிட, சிலிண்டர்களுக்கு இடையிலுள்ள வேறுபாடே முக்கியம். குறைந்த ஒன்று உயர்ந்ததன் முக்கால் பங்குக்கும் கீழே போனால் கவலைப்படுங்கள்.

உருட்டி ஸ்டார்ட் செய்வது பற்றி

சரிவில் உருட்டி ஸ்டார்ட் செய்வது மலையகத்தில் இயல்பாகிவிட்டது. எஞ்சின் ஓடாதபோது பிரேக் உதவிக்கான வெற்றிடம் இல்லை. இரண்டு மூன்று மிதிக்குப் பிறகு பெடல் கல்லாகிவிடும். பவர் ஸ்டீயரிங்கும் இறுகிவிடும். ஆகவே கொண்டை ஊசி வளைவுகள் உள்ள இறக்கத்தில், ஆட்களை ஏற்றிக்கொண்டு, ஒருபோதும் இதைச் செய்யாதீர்கள். நேரான, கீழே மேடுள்ள ஒரு குறுகிய இறக்கம் இருந்தால் மட்டும், சாவியை ஓன் செய்து, இரண்டாம் கியரில் கிளட்சை மிதித்து உருளவிட்டு, சிறிது வேகம் எடுத்ததும் கிளட்சை விடுங்கள். ஒரு முறை பற்றாவிட்டால் நிறுத்திவிடுங்கள். சாவியை வெளியே எடுத்தால் ஸ்டீயரிங் பூட்டிக்கொள்ளும். பற்றரி முற்றாகச் செத்திருந்தால் கொயிலுக்கும் ஸ்டொப் சொலனோயிட்டுக்கும் மின்சாரம் கிடைக்காது. எவ்வளவு உருட்டினாலும் பயனில்லை. ஓட்டோமெட்டிக் வாகனங்களை இம்முறையில் ஸ்டார்ட் செய்ய முடியாது.

ஸ்டார்ட் ஆன பிறகு

பற்றரி இறங்கியதுதான் காரணமென்று கண்டிருந்தால், அது ஏன் இறங்கியது என்பதை அன்றே பார்த்துவிட வேண்டும். எஞ்சின் ஓடும்போது பற்றரி முனைகளில் 13.8 முதல் 14.4 வோல்ட் வரை வர வேண்டும். 13க்குக் கீழே இருந்தால் பெல்ட் தளர்வு, ஒல்டர்னேட்டரின் பிரஷ், ரெகுலேட்டர் ஆகியவற்றைப் பார்க்க வேண்டும். 15க்கு மேல் போனால் ரெகுலேட்டர் கெட்டு, பற்றரியின் தண்ணீரைக் கொதிக்கவைத்து வெளியேற்றிக்கொண்டிருக்கிறது.

சார்ஜ் சரியாக இருந்தும் காலைக்குள் இறங்கிவிடுகிறது என்றால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, எதிர்முனை டெர்மினலைக் கழற்றி, மல்டிமீட்டரை 10 ஆம்பியர் அளவில் வைத்து, டெர்மினலுக்கும் தண்டுக்கும் இடையே பூட்டுங்கள். அந்த நிலையில் செல்ஃப் அடித்தால் மீட்டர் எரிந்துபோகும். 50 மில்லி ஆம்பியருக்குக் கீழே காட்டினால் குறையில்லை. அதற்கு மேல் காட்டினால் பியூஸ்களை ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். எதைக் கழற்றியபோது அளவு விழுகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. பின்னாளில் ஏற்றிய அம்ப்ளிபையரும், வண்ண லைட்டுகளும், அலாரமுமே பெரும்பாலும் அகப்படும். எல்லா பியூஸ்களையும் கழற்றியும் அளவு விழாவிட்டால், டெர்மினலை முற்றாகக் கழற்றிவைத்த பிறகு ஒல்டர்னேட்டரின் தடித்த வயரையும் கழற்றி, அதன் முனையில் துணி சுற்றி ஒதுக்கிவிட்டு மீண்டும் அளந்து பாருங்கள். இப்போது விழுந்தால், ஒல்டர்னேட்டருக்குள் இருக்கும் டயோட் ஒன்று உடைந்திருக்கிறது.